ஹாலை அளந்துவிட்டு கேமரா கடைக்குப் போங்கள்

குடும்பப் படம் எடுப்பதற்காக முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்கள் கடையில் விசாரிப்பது பெரும்பாலும் மெகாபிக்சலைத்தான். அதில் ஒப்பிடுவதற்கு இன்று ஒன்றுமில்லை. கேனன் 1500டி, கேனன் 200டி மார்க் 2 இரண்டும் 24.1 மெகாபிக்சல், நிக்கான் டி3500, 24.2. எதில் எடுத்தாலும் 20 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போட்டு சுவரில் மாட்டலாம், நுணுக்கம் குறையாது. ஆகவே பாடியைவிட, அதன் முன்னால் எந்த லென்ஸை மாட்டப் போகிறோம், எந்த இடத்தில் நின்று எடுக்கப் போகிறோம் என்பதை யோசிப்பதுதான் பயன் தரும். குடும்பப் படங்களில் பெரும்பகுதி வீட்டு ஹாலில் எடுக்கப்படுகிறது. அங்கே வெளிச்சம் குறைவு, இடம் குறுகல், எதிரில் இருக்கும் குழந்தையோ ஒரு நொடி சும்மா இருக்காது. பாடியோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் அந்தக் குறைந்த வெளிச்சத்துக்கும் சும்மா இருக்காத குழந்தைக்கும் ஈடுகொடுப்பதில்லை. பாடிக்கான பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது, அகலமாகத் திறக்கும், ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்றை முதல் நாளே வாங்கிவிட வேண்டும் என்பது என் வாதம்.

வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). இரவில் விளக்கு வெளிச்சத்தில் சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றினாலும், ஷட்டர் வேகம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். சாய்ந்து உட்கார்ந்து பேசும் தாத்தாவுக்கு அது போதும். குதிக்கிற பிள்ளைக்குப் போதாது. கையும் முகமும் இழுபட்டுத்தான் பதியும். லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்வார். அது நம் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும், எதிரில் ஓடுகிறவரை நிறுத்தாது. எஃப் 1.8 லென்ஸ் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதே ஹாலில் ஐஎஸ்ஓவை 1600 ஆகக் குறைத்து, ஷட்டரை இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு ஏற்றலாம். படத்தில் புள்ளிகள் குறையும், குழந்தையும் தெளிவாக நிற்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஷட்டர் நூறில் ஒரு பங்கைத் தாண்டி வேகமாகும்போது அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறலாம். நாலைந்தை வரிசையாக எடுத்து நல்லதைத் தேர்ந்துகொண்டால் போதும்.

அகலமாகத் திறந்தால் ஃபோகஸ் தப்பிவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். இரண்டு மீட்டரில் இருப்பவரை 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து எடுத்தால், முன்னும் பின்னுமாக மொத்தம் 11 செ.மீ. ஆழம்தான் கூர்மையாக இருக்கும். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் காது கலங்கிவிடும். ஆனால் எஃப் 1.8 லென்ஸை எஃப் 4-க்கு மூட முடியும், எஃப் 5.6-இல் நின்றுவிடும் லென்ஸை எஃப் 1.8-க்குத் திறக்க முடியாது. இரண்டு வரிசையாக நிற்கும் கூட்டத்துக்கு மூடிக்கொள்ளலாம், தனி ஆளுக்குத் திறந்துகொள்ளலாம்.

சரி, எல்லோரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையே வாங்கிவிடலாமா? இங்கேதான் நான் மாறுபடுகிறேன். இந்த வகை கேமராக்களின் சென்சார் பழைய ஃபிலிமைவிடச் சிறியது. அதனால் கேனனில் 50 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் கேமராவின் 80 மி.மீ. லென்ஸ் போலக் குறுகலாகப் பார்க்கிறது. 12 அடி ஹாலில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் எதிரில் இருப்பவர் சுமார் 10 அடியில் இருப்பார். அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸுக்குள் அடங்குவது நாலரை அடி அகலம்; மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும், நாலாவது ஆளுக்கு இடமில்லை. நிக்கானில் 35 மி.மீ. மாட்டினால் 6.7 அடி கிடைக்கும். கேனனில் 24 மி.மீ. என்றால் 9 அடிக்கு மேல் வந்துவிடும். கேக் வெட்டும் குழந்தையும் சுற்றி நிற்கும் அத்தை மாமாக்களும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால், ஒரே லென்ஸோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறவருக்கு நிக்கான் டி3500-உம் 2009-இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸும்தான் மிகப் பொருத்தமான ஜோடி. ஹாலுக்கு ஏற்ற அகலமும் இரவுக்கு ஏற்ற துளையும் ஒன்றிலேயே அமைந்திருக்கின்றன. பாட்டரி ஒரு சார்ஜில் 1,550 படம் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. காதுகுத்து, கல்யாணம் என்று முழுநாள் விசேஷத்துக்கு அது பெரிய நிம்மதி. குறைகளும் உண்டு. திரை திரும்பாது, திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் மெதுவாகவே பிடிக்கும். பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி போன்ற லென்ஸ்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விலை குறைவு என்று அதை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேனன் 200டி மார்க் 2-வின் பலம் வேறு. எடை 450 கிராம்தான், திரை எல்லாப் பக்கமும் திரும்பும், திரை வழியே எடுக்கும்போது ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். தவழும் குழந்தையின் உயரத்துக்கு கேமராவைத் தாழ்த்திப் பிடித்து எடுப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் நிக்கானின் 35-க்கு இணையாக, கைக்கு அடக்கமான விலையில் எஃப் 1.8 லென்ஸ் கேனனின் இந்த வரிசையில் இல்லை. 24 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 வரைதான் திறக்கும். ஆகவே பகலுக்கும் கூட்டத்துக்கும் 24, இரவுக்கும் தனி முகத்துக்கும் 50 என இரண்டு வாங்க வேண்டிவரும். இரண்டும் சேர்ந்து 300 கிராம்கூட இல்லை. பணம் இடிக்கிறது என்றால் பாடியை 1500டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். நொடிக்கு மூன்று படம்தான், திரையும் திரும்பாது. ஆனாலும் இரண்டு பிரைம் லென்ஸ் வைத்த 1500டி, கிட் லென்ஸ் மட்டும் வைத்த 200டி-யைவிட வீட்டுக்குள் நல்ல படம் தரும்.

பிரைம் லென்ஸுக்குப் பதிலாக ஃப்ளாஷ் வாங்கலாமே என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கேமராவோடு பிறந்த ஃப்ளாஷ் முகத்தை வெளுக்கவைத்து, பின்சுவரில் கறுப்பு நிழலைப் பதிக்கும். தலை திரும்பும் தனி ஃப்ளாஷை வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் அழகான வெளிச்சம் கிடைக்கும். ஆனால் தூங்கும் கைக்குழந்தையின் மேலும், விளக்கேற்றிய பூஜை நேரத்திலும் அதை அடிக்க மனம் வராது. 200டி மார்க் 2-இல் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனை கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஒரு முனையை நம்பியிருக்கும் மலிவு ஃப்ளாஷ்கள் அதில் எரியாது. இன்னொரு மாற்றாகக் கடைகள் தள்ளிவிடும் இரட்டை லென்ஸ் கிட்டில் வரும் 55-250 மி.மீ. லென்ஸ் பள்ளி விளையாட்டு நாளுக்கு உதவும், ஹாலில் அலமாரியில்தான் கிடக்கும்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில் டிஎஸ்எல்ஆர் எதற்கு என்ற கேள்வியே எல்லாவற்றிலும் வலுவானது. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் வெளியிடவில்லை. புதிதாகவே வாங்குவது, பணமும் இருக்கிறது என்றால் மிரர்லெஸ் பக்கம் போவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் இந்த மாற்றத்தால் பழைய கேமராச் சந்தையில் நல்ல பாடிகளும் லென்ஸ்களும் மலிந்திருக்கின்றன. உற்பத்தி நின்றுபோன டி3500-ஐ அங்கேதான் தேட வேண்டும். பின்னாளில் மாறினாலும் லென்ஸ் வீணாகாது. கேனனின் ஈஎஃப் லென்ஸ்களும் நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் அடாப்டர் வழியாக அந்தந்த நிறுவனத்தின் மிரர்லெஸ்ஸில் தானியங்கி ஃபோகஸோடு வேலை செய்கின்றன. லென்ஸில் போடும் பணம் பாடியில் போடுவதைவிட நீடித்திருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

பழையது வாங்கும்போது லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, கைபேசி டார்ச்சை ஒரு பக்கம் காட்டி மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். சிலந்தி நூல் போல ஓர் இழை தெரிந்தாலும், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.