பிரீமோ லெவியின் எழுத்துக்களிற் சுயத்தின் சிதைவு: ஒரு குறிப்பு

நீடித்த கொடுமைக்கு ஆளான மனிதனது 'தான்' என்னும் உணர்வுக்கு யாது நேர்கின்றது என்ற வினாவினை உளவியலாளருக்கே உரியதென ஒதுக்கும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. நாமும் அதற்கு விலக்கல்லோம். இத்தாலிய யூதரான பிரீமோ லெவியின் (1919-1987) எழுத்துக்கள் இந்நிலைப்பாட்டினை மீளாய்வு செய்யுமாறு நம்மை நிர்ப்பந்திக்கின்றன.

இரசாயனவியலாளரான லெவி 1944 பெப்ரவரியில் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1945 ஜனவரியிற் சோவியத் படையினர் வரும்வரை, ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தின் செயற்கை இறப்பர்த் தொழிற்சாலையில் அடிமையாக உழைத்தார். பெயர் போய், 174517 என்ற இலக்கம் கையிற் பச்சை குத்தப்பட்டது. அத்தொழிற்சாலையிலிருந்து ஒரு கிலோ இறப்பர்தானும் வெளிவரவில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. உழைப்பின் பயனிலிருந்து மட்டுமன்றி அதன் அர்த்தத்திலிருந்தும் மனிதன் அந்நியமாக்கப்பட்டான். லெவியின் முதல் நூல் (1947) காட்டும் இச்சிதைவினை விளக்க நமது கோட்பாடு போதுமானதே.

சிக்கல் விடுதலையின் பின்னரே எழுகின்றது. புறக்காரணம் நீங்கியும் சுயம் ஏன் முழுமையாக மீளவில்லை? 1986இல் வெளியான 'மூழ்கியோரும் தப்பியோரும்' என்ற நூலில் வெட்கம் பற்றிய இயலொன்று உண்டு. தாகம் வாட்டிய நாளொன்றில், குழாயொன்றில் எஞ்சிய சிறிதளவு நீரைக் கண்ட லெவி, நெருங்கிய நண்பருடன் மட்டும் இரகசியமாகப் பகிர்ந்து குடித்தார். இதனை ஊகித்துக்கொண்ட இன்னொரு கைதி, தனக்கு ஏன் தரவில்லை என விடுதலையின் பின் வினவினார். பகிரப்படாத அந்நீர், அதன் பின்னரும் அவ்விருவருக்கும் இடையே திரையாக நின்றது.

இதனை நோயெனவோ, தனிமனிதவாதத்தின் எச்சமெனவோ கொள்ளுதல் தவறாகும். தனக்காக மட்டும் வாழுமாறு முகாம் நிர்ப்பந்தித்தது. அவ்வாறு பிழைத்தவனை, முகாமுக்கு முந்திய சமூகத்தின் அறம் விசாரிக்கின்றது. இருவேறு சமூக ஒழுங்குகள் ஒரே மனிதனுள் மோதுமிடமே இவ்வெட்கம். சுயம் சமூக உறவுகளின் விளைவு என்பது உண்மையாயின், உறவுகள் மாறியதும் காயம் ஆறிவிடும் என நாம் எதிர்பார்த்தது இயக்கவியலன்று, இயந்திரவியலே.

லெவிக்கு ஆறு மாதகாலம் நாள்தோறும் உணவு கொணர்ந்து கொடுத்தவர் லொரென்சோ என்னும் இத்தாலியக் கொத்தனார். தானும் மனிதனே என்பதைத் தாம் மறவாதிருந்தது அவராலேயே என்கிறார் லெவி. தொழிலாளி ஒருவரின் இவ்வுயர்வோடு கட்டுரையை முடித்துக்கொள்ள நமக்கும் விருப்பமே. ஆயின் லொரென்சோ கைதியல்லர். கூலிக்கு வேலைசெய்ய வந்தவர். கண்ணாற் கண்டவர் மட்டுமே. ஊர் திரும்பிய அவர் வாழும் விருப்பத்தை இழந்து, குடியில் வீழ்ந்து, 1952இல் இறந்தார்.