இளையோர் புதினத்தில் இழப்பும் காதலும்

இளையோருக்கென எழுதப்படும் புதினங்களை ஆசிரியர் பலர் ஐயத்தோடு நோக்குவதுண்டு. பள்ளிப் பருவத்துக் காதலைப் பேசும் நூல்கள் மாணவர் மனத்தைத் திசைதிருப்பும் என்பதே அவ்வையத்தின் அடிப்படை. ஆயினும், ஒரு நூல் எதைப் பேசுகிறது என்பதை மட்டும் கொண்டு அதனைத் தள்ளிவிடல் முறையன்று. எவ்வாறு பேசுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜேண்டி நெல்சன் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஸ்கை இஸ் எவ்ரிவேர்' என்னும் புதினம் இவ்வாராய்ச்சிக்குத் தக்கதாகும்.

வட கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் கதை நிகழ்கிறது. கதைத்தலைவி லென்னிக்கு வயது 17. அவள் அக்காள் பெய்லி, நாடக ஒத்திகையின்போது இதயத் துடிப்பு நிலைகுலைந்து திடீரென மாண்டுபோகிறாள். பெற்ற தாயோ, மக்கள் இருவரும் சிறு குழவிகளாய் இருந்தபோதே வீட்டைத் துறந்து சென்றவள். பாட்டியும் தாய்மாமனுமே அவர்களை வளர்த்து ஆளாக்கியவர்கள்.

இத்துயரின் நடுவே இருவர்பால் லென்னியின் மனம் செல்கிறது. ஒருவன், அக்காளின் காதலனாய் இருந்த டோபி. மற்றவன், ஊருக்குப் புதிதாய் வந்த இசைஞன் ஜோ. டோபியிடம் அவள் கொள்ளும் ஈர்ப்பு காதலன்று. இறந்தவளை இன்னும் சற்று நேரம் பற்றிக்கொள்ளும் தவிப்பே அது. ஜோவின்பால் தோன்றுவதோ வாழ்வை நோக்கிய விழைவு. இவ்விரண்டின் வேறுபாட்டை அவள் உணருமுன்பே, டோபியோடு அவளை ஜோ கண்டுவிடுகிறான், நம்பிக்கை முறிகிறது. நூலாசிரியர் இங்கு அறவுரை கூறவில்லை. செயலின் விளைவையே காட்டுகிறார். அறவுரையினும் இது மாணவர் நெஞ்சில் ஆழப் பதியும்.

எனினும், புதினத்தின் உயிர்நிலை காதலில் இல்லை. பாட்டியின் பாத்திரப் படைப்பிலேயே உள்ளது. தன் துயரமே பெருந்துயரம் என எண்ணும் லென்னி, அக்காளின் உடைமைகளை அகற்ற ஒருப்படுவதில்லை. பாட்டியிடம் மனந்திறந்து பேசுவதுமில்லை. ஜோவின் மனத்தை மீட்கக் கருதி, பாட்டி பேணி வளர்த்த ரோசா மலர்களை வெட்டியெடுக்கவும் துணிகிறாள். முன்னர் மகளைப் பிரிந்து, இப்போது பேத்தியையும் பறிகொடுத்த முதியவளின் துயரம் அவள் கண்ணுக்குப் புலப்படவேயில்லை. அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்களுள் இழவையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். அவ்விழவு ஒரே வீட்டில் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு வடிவில் நிற்பதை இப்புதினம் காட்டுகிறது. தான் மட்டுமே இழந்தவள் அல்லள் என்று லென்னி உணரும் இடமே கதையின் உச்சம் எனலாம்.

நூலின் உத்தியும் குறிப்பிடத்தக்கது. லென்னி கவிதைகளைக் காகிதத் துண்டுகளிலும் குவளைகளிலும் எழுதி ஊரெங்கும் விட்டுச் செல்கிறாள். உரைநடை நிகழ்ச்சிகளைச் சொல்ல, கவிதைகள் அவள் எவரிடமும் வாய்திறந்து கூறமாட்டாதவற்றைச் சொல்கின்றன. வீட்டாரிடம் பேச வேண்டிய சொற்களைத் தெருவில் சிதறவிடும் அவல நிலை, இவ்வுத்தியால் தெளிவாகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஜோ குற்றமே அற்றவன்போல் படைக்கப்பட்டுள்ளான். சில இடங்களில் சொல்லழகு துயரத்தின் கூர்மையை மழுக்குகிறது. முறிந்த உறவுகள் இறுதியில் மிக எளிதாக இணைந்துவிடுகின்றன. வாழ்க்கையில் அவ்வாறு நிகழ்வது அரிது.

இக்குறைகளுக்காக இந்நூலை ஒதுக்கவேண்டியதில்லை. வீட்டில் சாவு நேர்ந்தபின் வகுப்பிற்குத் திரும்பும் மாணவன் எப்பள்ளியிலும் இருப்பான். இரங்கற்சொல் ஒன்றைக் கூறிவிட்டு, விடுபட்ட பாடங்களை எழுதச் சொல்வதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுவதில்லை. துயருற்றவன் சினங்கொள்ளலாம், தவறு செய்யலாம், சிரிக்கவும் செய்யலாம் என்பதை அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் உணர்த்த இத்தகைய புதினங்கள் துணைநிற்கும். இந்நூலைக் கற்பிப்போர், லென்னி யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவ்வீட்டில் வேறு யார் யார் அழுதனர் என்றும் கேட்பாராக.