சூரியன் இருண்ட நாளும் நடாத ரப்பரும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் பிறந்த நமக்கு 2010 ஜனவரி 15 மறக்காது. மதியம் ஒரு மணிக்குமேல் சூரியன் நெருப்பு வளையமாகி ஏறத்தாழ ஏழு நிமிடம் நின்றது. பெரியப்பா முற்றத்தில் முழங்காலில் நின்றார். "யோவேல் சொன்னது இதுதாம்ல" என்றார். அவ்வாண்டு பழைய ரப்பர் மரங்களை முறித்து விற்றவர், புதுத் தை நடவில்லை. "பால் வெட்ட ஏழு வருசம் ஆவும். அதுக்குள்ள கர்த்தர் வந்திருவாரு."

அவருடைய விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை. வசனத்தை வாசித்த முறையைப் பற்றியே என் கேள்வி.

சூரியன் இருளும், சந்திரன் இரத்தமாகும் என்பது யோவேலின் பேச்சு மட்டுமன்று. ஏசாயா 13ஆம் அதிகாரம் பாபிலோனின் வீழ்ச்சியை இப்படியே பாடுகிறது. எசேக்கியேல் 32 எகிப்தின் பார்வோனுக்கு இதே இருளைச் சொல்கிறது. கி.மு. 539இல் பாபிலோன் பாரசீகரிடம் வீழ்ந்தது; மறுநாளும் சூரியன் உதித்தது. அரசு சாய்வதைச் சொல்லும் மொழி அது. பெந்தெகொஸ்தே நாளில் காலை ஒன்பது மணியளவில் பேதுரு யோவேலை எடுத்துக்காட்டி, அது நிறைவேறிற்று என்றார். அன்று வானம் இருண்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை.

'சிலுவை நாளில் மூன்று மணி நேரம் இருண்டதே?' என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவது. அப்போது சூரிய கிரகணம் நிகழாது. அந்த இருளை எப்படிப் பொருள் கொண்டாலும், பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே குறித்த கிரகணத்தை அதற்கு ஈடாக வைக்க முடியாது.

தமிழருக்கு இரு வாசிப்பும் புதிதல்ல. புறநானூறு 229இல் கூடலூர் கிழார் விண்மீன் வீழக் கண்டு அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரன் இறக்கிறான். அது நேர்ப்பொருள். சிலப்பதிகார வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி கதிரை இருள் விழுங்கவும், பகலில் மீன் விழவும் கனாக் காண்கிறாள். அன்று மதுரையில் கிரகணமா என்று யாரும் கேட்பதில்லை. பாண்டியன் செங்கோல் சாயப்போகிறது என்று புரிந்துகொள்கிறோம். இந்தப் பயிற்சி உள்ள நாம் வேதாகமத்தைத் திறந்ததும் அதை மறந்துவிடுவது ஏன்?

மறந்ததால் வந்த இழப்புக்குத் திருவிதாங்கூரிலேயே சான்றுண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான வித்வான் குட்டி எனும் யுஸ்தூஸ் யோசேப்பு, 1875இல் தனிச் சபை கண்டார். 1881இல் கிறிஸ்து வருவார் என்று அச்சபையார் காத்திருந்தனர். ஆண்டு கடந்தது, சபை யுயோமயம் என்று வேறு வடிவெடுத்தது.

2014, 2015இல் 'நான்கு இரத்த நிலவுகள்' என்ற பிரசங்கம் எங்கள் ஊருக்கும் வந்தது. ஊரின் பெயரைச் சொல்லியே ஒரு பிரசங்கியார் எச்சரித்தாராம். அந்த நான்கு கிரகணங்களில் ஒன்றுகூட முழுச் சிவப்பு நிலவாக நம் எல்லை வானில் தெரியவில்லை. நமக்குப் பகலாக இருந்தபோதோ, நிலா உதிக்கும் முன்னரோ அந்தச் சிவப்பு கடந்துவிட்டது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தவர், "அப்ப நமக்கு இல்லியா அடையாளம்?" என்றார்.

நேர்ப்பொருள் வாசிப்பில் ஒரு பயன் உண்டு. கடவுள் உலகைக் கைவிடவில்லை என்ற உறுதியை அது காக்கிறது. எல்லாவற்றையும் உருவகமாக்கிவிட்டால் அந்த உறுதியும் கரையக்கூடும். ஆனால் நாளைக் குறிப்பது அந்த உறுதி ஆகாது. வானக் குறிகளைச் சொல்லும் மத்தேயு 24ஆம் அதிகாரமே, அந்த நாளை ஒருவரும் அறியார் என்றும் சொல்கிறது.

2016இல் அண்ணன் அந்த நிலத்தில் தை நட்டார். இப்போது பால் வெட்டுகிறார்கள். பெரியப்பா விடியுமுன் எழுந்து ஜெபித்துவிட்டு, சிரட்டைகளைத் துடைத்து வைக்கிறார். ஊரிலிருந்து அடுத்த கிரகணச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, அனுப்பியவரைக் கேலி செய்யாதீர்கள். ஏசாயா 13ஐ அவரோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள்.