கேழ்வரகுக் கூழ்

சித்திரை வெயிலில் நடந்து களைத்து வந்தவனுக்கு, முதல்நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழை, மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து ஒருவர் நீட்டுவாரானால், அந்தக் க்ஷணத்தில் தேவாமிர்தம் எதற்கு என்றே தோன்றும். நிறத்தைக் கண்டு நாகரிகர் ஒதுக்கிய இத்தானியத்தில், எலும்புக்கும் பல்லுக்கும் ஆதாரமான சுண்ணாம்புச் சத்து, 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேலாக, பாலில் உள்ளதைவிட இரு மடங்குக்குக் குறையாமல் இருக்கிறது. ஆனால் பைட்டிக் அமிலம் என்றொரு கருமியும் அதனோடு உடனுறைந்து, தாதுக்களை உடம்பு கிரகிக்கவிடாமல் இறுகப் பற்றிக்கொள்கிறது. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன என்கிறது ரசாயன சாஸ்திரம். நம் பாட்டிமார் சாஸ்திரம் படித்தவர்களல்லர். புளிப்பின் ருசிக்காகத்தான் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கடித்துக்கொள்ள ஒரு மோர்மிளகாய் இருந்தால் இன்னும் விசேஷம்.