25 வாட் என்னும் விடை

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மின்சாரம் பற்றிய பாடம் தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது. ஓம் விதியைக் கூறும் இடத்தில், கம்பியின் வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஆசிரியர்கள் மறவாமல் சேர்த்துள்ளனர். ஆனால் பயிற்சிப் பகுதியில் உள்ள வினா ஒன்று அந்த நிபந்தனையை மறந்துவிடுகிறது. 220 வோல்ட், 100 வாட் எனக் குறிக்கப்பட்ட பல்பை 110 வோல்ட்டில் இணைத்தால் அது எவ்வளவு திறனை ஏற்கும் என்பதே அவ்வினா. எதிர்பார்க்கப்படும் விடை 25 வாட்.

அவ்விடை எவ்வாறு வருகிறது? 100 வாட்டை 220 வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 0.4545 ஆம்பியர். 220 வோல்ட்டை இம்மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை 484 ஓம். இந்த மின்தடை 110 வோல்ட்டிலும் மாறாது என்று கொண்டால், மின்னோட்டமும் பாதியாகும். திறன் கால் பங்காகும். கணக்குப் போட்ட முறையில் பிழையில்லை. மின்தடை மாறாது என்று கொண்டதுதான் பிழை.

பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் இழை. முழு ஒளியில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸ். உலோகங்களின் மின்தடை வெப்பநிலையுடன் உயரும். அணைந்து குளிர்ந்த 100 வாட் பல்பை மல்டிமீட்டரால் அளந்தால் சுமார் 40 ஓம் மட்டுமே காட்டும். அதனால்தான் சுவிட்சைப் போட்ட கணத்தில் 5 ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டம் பாய்ந்து, இழை சூடானதும் அரை ஆம்பியருக்குக் கீழே இறங்குகிறது. 110 வோல்ட்டில் இழை அவ்வளவு சூடாவதில்லை. மின்தடை சுமார் 355 ஓம் அளவிலேயே நிற்கிறது. ஆகவே பல்பு உண்மையில் ஏற்கும் திறன் ஏறத்தாழ 34 வாட். நூலின் விடை இதில் கால் பங்குக்கும் மேல் குறைவு!

எளிமைக்காகச் சிலவற்றை ஒதுக்குவது இயற்பியலில் குற்றமன்று என்று சிலர் கூறலாம். உண்மையே, ஆனால் எதை ஒதுக்கினோம் என்பதை மாணவனுக்குச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஓம் 1826-இல் தம் சோதனைக்கு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். அதன் ஒரு சந்தி கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் இருந்ததால் மின்னழுத்தம் நிலையாக இருந்தது. அது மிகச் சிறியதாகவும் இருந்ததால், சோதித்த கம்பிகள் சூடாகவில்லை. அத்தகைய சூழலில் கண்ட விதியை, வெண்சூட்டில் ஒளிரும் இழைக்கு எச்சரிக்கையின்றிப் பொருத்துவது முறையாகாது.

இதனால் விளையும் தீங்கு ஒரு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பல்பின் மின்தடையை அளக்கும் மாணவர்கள் 484-க்குப் பதில் 40-ஐக் கண்டதும், மீட்டர் கெட்டுவிட்டது என்கிறார்கள். கண்ணெதிரே தெரியும் அளவீட்டைவிட அச்சிட்ட விடையை நம்பும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றுகிறது. மேலும், இன்றைய மாணவனின் வீட்டில் எரிவது பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கு. அதனுள் மின்னணுச் சுற்று இருப்பதால் இக்கணக்கு அதற்குச் சிறிதும் பொருந்தாது.

திருத்தம் எளிது. பல்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு, நிக்ரோம் கம்பிச் சுருள் கொண்ட மின் அடுப்பு என்று எழுதலாம். நிக்ரோமின் மின்தடை வெப்பநிலையால் மிகச் சிறிதளவே மாறுவதால், கால் பங்கு என்ற விடை உண்மைக்கு மிக நெருங்கி நிற்கும். பல்பே வேண்டுமெனில், உண்மையான திறன் கணக்கிட்டதைவிடக் கூடுமா, குறையுமா, ஏன் என்று மற்றொரு வினாவைச் சேர்க்கலாம். வெப்பநிலை பற்றிய நிபந்தனை எதற்காக என்பது அப்போது மாணவனுக்குத் தானே விளங்கும்.