காற்றில் ஓர் இரும்புக்கை

மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் நாயகனை வரையும் ஓவியர், முகமே இல்லாமல் அச்சத்தையும் சினத்தையும் காட்டியாக வேண்டும். 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கிய அந்நாயகனின் சித்திரக்கதைத் தொடரைத் தீட்டிய ஸ்பானியக் கலைஞர் ஹெசூஸ் பிளாஸ்கோ, விரல்கள் மடங்கும் கோணத்தாலும் எஃகின் மேல் வழுக்கும் ஒளியாலும் கறுப்பு மையின் அடர்த்தியாலும் அதைச் சாதித்தார். இடையில் அந்நாயகனுக்குச் சிறப்பு உடை அணிவித்து அதிநாயகனாக்கிய கதைப்போக்கு பின்னர் கைவிடப்பட்டது நன்றே. அந்தக் கைக்கு வேறு அலங்காரம் தேவையில்லை.

1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அத்தொடரை ‘இரும்புக்கை மாயாவி’ என வெளியிட்டபோது, ஆங்கிலத்துக்கென அளவெடுத்து வரையப்பட்ட பேச்சுக்குமிழிக்குள், அதாவது உரையாடலைத் தாங்கும் வெள்ளை வட்டத்துக்குள், கொம்பும் சுழியும் கொண்ட நீண்ட தமிழ்ச் சொற்களை நெருக்கடி தெரியாமல் அமர்த்தும் பொறுமையும் சேர்ந்துகொண்டது. வரி எங்கே முறிய வேண்டும், எச்சொல்லைத் தடித்த எழுத்தில் அதிரவிட வேண்டும் என்னும் முடிவுகளே வாசகரின் கண்ணை அடுத்த கட்டத்துக்கு இழுத்துச் செல்கின்றன. தென்மாவட்டப் பேருந்துக்காகக் காத்திருப்பவர் கையில் அப்படியொரு பிரதி இருக்குமானால், கதை முடிந்தபின் அந்தக் கைக்காகவும் எழுத்துக்காகவும் இன்னொரு முறை புரட்டிப் பார்க்கலாம்.