விரல் தூக்கும் வரை

சோழபுரம் பக்கம் கண்மாயில் தண்ணீர் வற்றினால் ஸ்டம்பு நட்டுவிடுவோம். பேட்டிங் அணியில் அவுட்டாகி வந்தவன்தான் அம்பயர். எல்.பி.டபிள்யூ கிடையாது, அதை யார் நின்று சொல்வது? அப்படி நின்று பழகியதாலோ என்னவோ, டெஸ்ட் ஆட்டம் பார்த்தால் என் கண் மட்டையாளரை விட்டு வெள்ளைக் கோட்டுக்காரரிடம் போய்விடும்.

அங்கே நான் ஆசை தீர ரசித்தவர் சென்னையின் எஸ். வெங்கட்ராகவன். ஆஃப் ஸ்பின்னராக 57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணித் தலைவர். 1993 ஜனவரியில், கொல்கத்தாவில், நடுவராக முதல் டெஸ்ட். 2004இல் விடைபெறும்போது எண்ணிக்கை 73. ஆடியதைவிட நின்றது அதிகம்.

நிற்பதில் என்ன கலை என்று கேட்பவர்கள் ஒரே ஒரு பந்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வீசுபவரின் முன்கால் கோட்டுக்குள் விழுகிறதா என்று குனிந்த பார்வை, உடனே நிமிர்ந்து எதிர்முனைக்குப் போக வேண்டும். வேகப்பந்து அங்கே சேர அரை நொடிதான். எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, கால் இல்லாவிட்டால் ஸ்டம்புக்குப் போயிருக்குமா, முதலில் மட்டையில் உரசியதா? உரசலைப் பெரும்பாலும் காதுதான் பிடிக்கும், அத்தனை கூச்சலுக்கு நடுவிலும். பதினொரு பேர் கத்துகிறார்கள். பார்த்ததை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிற அந்தச் சின்ன அமைதி இருக்கிறதே, நான் காத்திருப்பது அதற்காகத்தான். பந்து திரும்பும் வழி வெங்கட்டுக்கு விரல் அறிந்த வழி. அவர் காலத்தில் ரன் அவுட்டுக்கு டிவி உண்டு, எல்.பி.டபிள்யூவுக்கு மறுபரிசீலனை கேட்க வழியில்லை. சொன்னது சொன்னதுதான்.

1999 உலகக் கோப்பை அரையிறுதி, பர்மிங்காம். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆளுக்கு 213. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவின் டொனால்ட் ரன் அவுட்டாகி ஆட்டம் சமனில் முடிந்தபோது களத்தில் நின்ற நடுவர்கள் டேவிட் ஷெப்பர்டும் வெங்கட்டும். 2002இல் ஐ.சி.சி. முதன்முதலாக எலீட் நடுவர் குழு அமைத்தபோது எட்டுப் பேரில் அவர் ஒருவரே இந்தியர்.

போன கோடையில் கண்மாய்க் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். அம்பயராக நின்ற பையன் இடது கையில் ஆறு கல் வைத்திருந்தான். பந்துக்கு ஒன்றாக வலது கைக்கு மாற்றினான். ரன் அவுட் கேட்டு எல்லோரும் கத்தினார்கள். ஓடியவன் அவனுடைய அணி. பையன் பேசாமல் கோட்டையே பார்த்தான். பிறகு விரலைத் தூக்கினான்.